வேலையைத் தொடங்கும் முன்: வட ஆர்க்காட்டின் திருப்பணிக் குழுக்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் சபைகளுக்கும்

பெறுநர்: வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் கோயில் திருப்பணிக் குழுவினர், பள்ளிவாசல் ஜமாஅத் நிர்வாகிகள், திருச்சபைக் குழுவினர், ஜினாலய (சமணக் கோயில்) அறங்காவலர்கள்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு வணக்கம்.

நான்கு சமயத்தாருக்கும் சேர்த்து ஒரே மடல் எழுதுவது வழக்கமில்லை. கோயில் காரியத்தைக் கோயில்காரர்களிடமும், பள்ளிவாசல் காரியத்தை ஜமாஅத்திடமும் தனித்தனியே பேசுவதே முறை என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது உங்கள் எல்லாருடைய சுவரிலும் ஒரே காலத்தில் நடந்துகொண்டிருக்கிறது. கட்டட வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சுவரைக் கண்டாலும் அதன் கனம் என்ன, கலவை என்ன, எந்தக் காலத்து வேலை என்றுதான் என் கண் போகும். அது எந்தச் சாமியின் சுவர் என்பது அதற்குப் பிறகே நினைவுக்கு வரும்.

குடமுழுக்குத் தேதி குறித்தவுடன் கருங்கல் தூண்களில் மணலைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். கல் பளிச்சென்று வெளுக்கிறது. அதன் மேல்தோல் போகிறது. எழுத்தின் விளிம்பு மழுங்குகிறது. பழைய பள்ளிவாசலில் கூட்டம் பெருகிவிட்டது என்று தொழுகைக்கூடத்தை அடியோடு இடித்துவிட்டு மூன்று மாடிக் கான்கிரீட் எழுப்புகிறார்கள். தேவாலயத்தில், உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகுகிறது என்று தேக்கு உத்திரங்களை விலைக்குப் போட்டுவிட்டுக் கூரையை மாற்றுகிறார்கள். ஜினாலயச் சுவரில் மங்கிப்போயிருந்த ஓவியத்தின் மேல் வெள்ளை அடித்துவிடுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஊர் கூடி, காசு சேர்த்து, பக்தியோடுதான் செய்கிறோம். அதனால்தான் தடுக்க ஆளில்லாமல் போகிறது.

நான் கேட்பது இதுதான். எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன் கட்டடத்தை அளந்து, வரைந்து, படமெடுத்து ஓர் ஆவணமாக்குங்கள். அதன் ஒரு படியை உங்கள் ஊரிலேயே இருக்கும் வேறு சமயத்தாரின் குழுவிடம் கொடுத்து வையுங்கள். கோயிலின் வரைபடம் பள்ளிவாசல் அலமாரியில் இருக்கட்டும். தேவாலயத்தின் வரைபடம் கோயில் அலுவலகத்தில் இருக்கட்டும். ஏன் அப்படி என்று கேட்பீர்கள். நம் வட்டாரத்தில் இந்தக் கட்டடங்கள் எப்படி வளர்ந்தன என்று பார்த்தால் நான் கேட்பதன் காரணம் விளங்கும்.

முதலில் மகேந்திரவாடிக்குப் போவோம். சோளிங்கர்ப் பக்கத்தில், வெட்டவெளியில் தனியாக நிற்கும் ஒரு பாறையை 7ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தான். மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், மகேந்திர விஷ்ணுகிருகம் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்திருக்கிறான். அதே அரசன் தேசூர்ப் பக்கம் சீயமங்கலத்தில் சிவனுக்கு அவனிபாஜன பல்லவேசுவரம் குடைந்தான். திருமாலுக்கு ஒன்று, சிவனுக்கு ஒன்று. உளியும் தூணின் அமைப்பும் ஒரே மரபு. மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே உத்தரத்தைத் தாங்கும் கனத்த போதிகை. சீயமங்கலத்தில் குகைக்கு முன்னால் பிற்காலத்தார் மண்டபங்களைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆனால் முந்தியவன் குடைந்ததை யாரும் உடைக்கவில்லை. அதன் முன்னால் தங்களுடையதைக் கட்டினார்கள். பழையது கருவறையாகவே இருந்தது. இந்த நாகரிகத்தை உங்கள் நினைவில் வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஊரைச் சொன்னேன். அதே சீயமங்கலத்துப் பாறைகளில் சமணர் செதுக்கிய பார்சுவநாதரும் பாகுபலியும் இருக்கிறார்கள்.

சமணர்களை விட்டுவிட்டு இந்த மண்ணின் கட்டடக்கலையைப் பேசவே முடியாது. ஆர்க்காட்டுக்கு அருகில், விளாப்பாக்கத்தை ஒட்டிய பஞ்சபாண்டவர் மலைக்கும் பாண்டவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது திருப்பான்மலை என்ற சமணத் தலம். பல்லவன் நந்திவர்மனின் ஐம்பதாவது ஆட்சியாண்டில் நாகநந்தி என்ற குரவரோடு பொன்னியக்கியார் என்ற இயக்கியின் படிமத்தையும் நாரணன் என்பவர் அங்கே செய்வித்தார் என்று கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் எட்டாம் ஆண்டில், அதாவது 993ஐ ஒட்டி, இலாடராசன் வீரசோழனின் தேவி கேட்டுக்கொண்டதன் பேரில் கூரகன்பாடி என்ற ஊரின் கற்பூர விலை என்ற வரி இந்தச் சமணப் பள்ளிக்கு விடப்பட்டது. வரியை விட்டுக்கொடுத்த கணக்கை மலையிலேயே வெட்டி வைத்தார்கள். வெட்டியதால்தான் ஆயிரம் ஆண்டு கழித்து நாம் படிக்கிறோம்.

வள்ளிமலைக்குப் போகாதவர் வேலூரில் இருக்க மாட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ஏறுகிற அந்த மலையில், முருகன் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையிலேயே சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கங்க அரசன் இராசமல்லன் எடுத்த 'வசதி', அதாவது சமணக் கோயில், அது. கல்வெட்டின் மொழி கன்னடம். வள்ளி பிறந்த மலை என்று நம்பி ஏறுகிறவர்களின் காலடியோசை ஒரு பக்கம், ஆயிரத்துக்கு மேல் ஆண்டுகளாக அசையாத அந்த உருவங்கள் மறு பக்கம். யாரும் யாரையும் துரத்தவில்லை. அந்தப் பாறைமேல் இப்போது பெயிண்டால் பெயர் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

போளூருக்கு அருகில் திருமலை. 16 அடிக்கு மேல் உயரமான நேமிநாதரை மலையில் செதுக்கியிருக்கிறார்கள். குந்தவையின் பெயரால் அங்கே ஒரு ஜினாலயம் இருந்தது. அந்தச் சோழ இளவரசியைப் பற்றி ஒரு வார்த்தை: தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் ஜினனுக்கும் அவளே மூன்று கோயில்கள் எடுத்தாள். திருமலையில் இராசராசனின் 21ஆம் ஆண்டில் குணவீர மாமுனிவர் என்ற சமணத் துறவி ஏரிக்குக் கலிங்கு கட்டுவித்து, அதற்குத் தம் ஆசிரியரின் பெயரை வைத்தார். பிறகு இராசேந்திரன் காலத்தில் வணிகர் ஒருவரின் மனைவி சாமுண்டப்பை விளக்குக்கும் திருவமுதுக்கும் பொன் கொடுத்தாள். அந்தச் சிறிய தானத்தைப் பதியும்போதுதான் இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பு வரை நீளும் மெய்க்கீர்த்தியைப் பாறையில் முழுதாக வெட்டினார்கள். சோழர் வரலாற்றின் முதன்மைச் சான்றுகளில் ஒன்று, ஒரு சைவப் பேரரசனின் வெற்றிப் பட்டியல், ஒரு சமணப் பெண்மணி ஏற்றிய விளக்கின் தயவால் நமக்குக் கிடைத்தது. ஒரு சமயத்தின் சுவரை அழித்தால் இன்னொரு சமயத்தின் வரலாறும் சேர்ந்து போகும் என்று நான் சொல்வது வெறும் நல்லிணக்கப் பேச்சு இல்லை. திருமலைப் பாறை அதற்குச் சாட்சி.

ஆம்பூர் வட்டாரத்து மலையாம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது. சுட்ட செங்கல்கூட இல்லாத மண் சுவர்கள், மேலே ஓவியங்கள். பாதி உதிர்ந்துவிட்டது. தோல் தொழிலுக்குப் பெயர்போன ஊர்களுக்கு நடுவில் இப்படி ஒரு குகை இருப்பதை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

சோழர் காலத்தில் பாறையைக் குடைவது போய்க் கல்லை அடுக்கிக் கட்டுவது வளர்ந்தது. பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எழுப்பிய பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், அங்கே இருக்கிறது. ஆற்றூரில் உயிர்நீத்தவன் என்பதால் ஆற்றூர்த் துஞ்சிய தேவர் என்று கல்வெட்டு அவனைக் குறிக்கிறது. அருகில் திருவல்லம், வாணர் என்ற சிற்றரசர்களின் பழைய ஊர், சம்பந்தர் பாடிய தலம். இந்தக் கோயில்களின் அதிட்டானத்தை, அதாவது அடித்தளத்தை, உட்கார்ந்து பாருங்கள். கீழே ஜகதி, மேலே வளைந்த குமுதம், அதன்மேல் கண்டம், பட்டிகை. கண்ணை மேலே உயர்த்தாமல் அடிப்பகுதியை மட்டும் பார்த்தால் அது சிவன் கோயிலா, பெருமாள் கோயிலா, ஜினாலயமா என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு நடைமுறைக் குறையைச் சொல்லியாக வேண்டும். பிராகாரத்தில் கிரானைட் பாளங்களைப் பழைய தளத்தின் மேலேயே பதிக்கிறார்கள். ஒவ்வொரு திருப்பணிக்கும் தரை சில அங்குலம் உயர்கிறது. ஜகதி மண்ணுக்குள் போகிறது. அதில் இருந்த கல்வெட்டும் கூடவே போகிறது. வெளியே தரை உயர்ந்ததால் மழைநீர் கருவறைப் பக்கம் திரும்புகிறது. பிறகு 'உள்ளே ஈரம் கசிகிறது, என்ன செய்யலாம்' என்று ஆள் தேடுகிறோம். புதிய கல் பதிப்பதென்றால் முதலில் பழைய தளத்தின் மட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். பல இடங்களில் ஓரடி தோண்டினாலே அது வெளிப்படும்.

கல்வெட்டு என்றதும் அரசன், போர், தானம் என்றுதான் நினைக்கிறோம். விரிஞ்சிபுரத்தில் மதிலழகைப் பார்க்க வருகிறவர்கள் 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள், கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் அனைவரும் கூடி, இனி பெண்ணைக் கன்னிகாதானமாகவே கொடுப்பது, பொன் வாங்கித் திருமணம் செய்கிறவன் சாதி நீக்கத்துக்கும் அரச தண்டனைக்கும் உரியவன் என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அது. நான்கு மொழிக்காரர்கள் சேர்ந்து எடுத்த முடிவை எங்கே எழுதி வைத்தார்கள்? கோயிலில். பத்திரப்பதிவு அலுவலகம், பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகம், கணக்கு ஏடு எல்லாமே அந்தச் சுவர்தான். 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியிலேயே விரிஞ்சிபுரம், வேலூர், திருமலை, படைவீடு எல்லாம் இடம்பெற்றுவிட்டன. அப்போது படியெடுத்தது போக, எந்தத் தொகுதியிலும் ஏறாத எழுத்து எத்தனை சின்னக் கோயில்களின் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் கிடக்கிறதோ! அவற்றின் மேல் மணலைப் பீய்ச்சினால் படித்துப் பார்க்காமலே ஆவணத்தைக் கிழித்ததாகும்.

இனி வேலூர்க் கோட்டை. 16ஆம் நூற்றாண்டில் விசயநகர அரசின் கீழிருந்த சின்ன பொம்மு நாயக்கர் எழுப்பியது. பரப்பு 133 ஏக்கர். உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், நவாபுகள் காலத்துப் பள்ளிவாசல், 1846இல் கட்டிய புனித யோவான் ஆலயம் மூன்றும் ஒரே அகழிக்குள் நிற்கின்றன. இதைச் சுற்றுலாக் கையேடுகள் பெருமையாகச் சொல்கின்றன. நான் கேட்பது, அந்த மூன்றையும் ஒரே நாளில், ஒன்றுக்குப் பிறகு ஒன்றாகக் கூர்ந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் கல் செய்யக்கூடியதன் எல்லை தெரியும். குதிரை மேலேறிய வீரர்களும் யாளிகளும் தூணிலிருந்து தாவி வெளியே வருகிறார்கள். விதானத்தில் கிளிகள் தலைகீழாக வட்டமிட்டு ஒரு மலரைக் கொத்துகின்றன. ஆனால் அந்த மண்டபத்தில் ஏன் இத்தனை தூண்கள்? கல் உத்தரம் நீளமாகத் தாங்காது. எட்டடி, பத்தடிக்கு ஒரு தூண் வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வெடித்துவிடும். அந்தக் கட்டாயத்தையே நம் கல்தச்சர்கள் அழகாக்கினார்கள். தூண்களுக்கிடையே நடந்து நடந்து, வெளிச்சம் குறையக் குறைய, இருண்ட கருவறையில் ஒற்றை விளக்கை நெருங்கும் வழிபாட்டுக்கு அந்தத் தூண்காடு பொருந்திப்போனது.

பள்ளிவாசலின் தேவை வேறு. அங்கே தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்க வேண்டும்; வரிசை தூணில் முட்டி உடையக்கூடாது; எல்லாரும் மேற்குச் சுவரில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபை நோக்க வேண்டும். அகலமான இடைவெளியைத் தாண்டும் வழி வளைவுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் வளைவில் ஒன்றையொன்று அழுத்தித் தாங்கும். நீண்ட ஒற்றைக் கல் தேவையில்லை. தேவாலயத்துக்கு வேண்டியது நீண்ட நடுக்கூடம். பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கும் பீடம் தெரிய வேண்டும், பிரசங்கம் கேட்க வேண்டும். ஆக, மூன்று வழிபாடுகள் மூன்று கட்டட வடிவங்களைக் கேட்டன. கேட்டதைக் கொடுக்க இந்த ஊரிடம் இருந்தவை இங்குள்ள மலைகளின் கருங்கல், ஏரி வண்டலில் அறுத்த செங்கல், பாலாற்று மணல், சுண்ணாம்பு, இவற்றைக் கையாளத் தெரிந்த கைகள்.

வளைவு நவாபுகளோடு வந்தது, ஆகவே அது இசுலாமியருடையது என்று பேசுகிறவர்கள் சந்திரகிரியின் ராஜமகாலைப் பார்க்க வேண்டும். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை சந்திரகிரி வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. விசயநகர அரசர்களின் கடைசிக் கால அரண்மனை அது. முகப்பு முழுக்க வளைவுகள். மேலே கோயில் விமானம் போன்ற முகடுகள். வைணவ அரசர்கள் தங்கள் வீட்டை வளைவிலும் சாமியின் வீட்டை உத்தரத்திலும் கட்டினார்கள். பிறகு தக்காணத்திலிருந்து நவாபுகளின் ஆட்கள் வளைவோடு வந்தார்கள். அதன் பிறகு ஐரோப்பியர் கடல் வழியாக இன்னொரு கூர்வளைவைக் கொண்டுவந்தார்கள். சேத்துப்பட்டில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாராஸ் சாமியார் எழுப்பிய லூர்து மாதா ஆலயத்தின் கூர்வளைவுகளைப் பார்த்துவிட்டு ஆர்க்காட்டு தர்காக்களுக்கு வந்தால் இரண்டு வழிகளில் வந்த வளைவு இந்த மண்ணில் எப்படிச் சந்தித்தது என்பது புரியும்.

ஆர்க்காட்டைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். கர்நாடக நவாபுகளின் தலைநகர். 1751இல் கிளைவ் முற்றுகையில் சிக்கிய கோட்டை. பிறகு ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் போரிட்டதில் அரண்கள் தரைமட்டமாகின; டெல்லி வாசல் மட்டும் நிற்கிறது. ஆனால் திப்பு மஸ்தான் அவுலியாவின் தர்கா போரையெல்லாம் தாண்டி நிற்கிறது. அங்கே வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால்தான் திப்பு சுல்தானுக்கு அந்தப் பெயர் என்பது மரபு. அரசர்களின் கோட்டை போய், ஒரு பக்கிரியின் அடக்கத்தலம் நிலைத்தது. அதைக் காத்தது அரசு இல்லை. வியாழக்கிழமை தோறும் ஊதுவத்தி கொண்டுவந்த எல்லாச் சாதி மத மக்களும்தான்.

1853இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கியபின் கிராமங்களில் எழுந்தவை பெரிய ஆலயங்கள் அல்ல. ஓலை அல்லது ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. கோயில் தெருவுக்குள் நுழைய விடப்படாத மக்களுக்கு முதன்முதலில் உள்ளே போய் உட்காரக் கிடைத்த வழிபாட்டுக் கட்டடம் பல ஊர்களில் அதுதான். கட்டடக்கலை நூல்கள் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. அளந்து பார்த்தால் வெறும் நீள்சதுர அறை. ஆனால் யார் உள்ளே வரலாம் என்பதையும் சேர்த்துத்தான் கட்டடக்கலை என்று நான் சொல்வேன். அந்தக் கணக்கில் இந்தச் சின்ன அறைகள் கோபுரங்களுக்குக் குறைந்தவை அல்ல. இன்று இவைதான் அதிகமாக இடிபடுகின்றன. சபையார் பெருகிவிட்டார்கள், பெரிய ஆலயம் வேண்டும், நியாயம். பழைய அறையை ஞாயிறு பள்ளிக்கு வைத்துக்கொண்டு பக்கத்தில் புதியதைக் கட்ட இடம் இருக்கும் ஊர்களிலாவது அப்படிச் செய்யுங்கள்.

தோல் வணிகம் செழித்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பள்ளிவாசல்களைப் பற்றி ஒன்றே ஒன்று. பழைய தொழுகைக்கூடத்தை உள்ளே நிறுத்தி, முற்றத்துப் பக்கம் விரித்துக் கட்டுவது பொறியியலில் பெரிய காரியமில்லை. சீயமங்கலத்தில் செய்தது அதைத்தான்.

வேலூருக்கு அருகிலுள்ள ஸ்ரீபுரம் தங்கக் கோயிலைச் சொல்லாமல் விட்டால் ஓரவஞ்சனையாகும். 2007இல் திறந்த அந்தக் கோயிலில் செப்புத் தகட்டின்மேல் 1,500 கிலோ தங்கம் என்கிறார்கள். புதிய கோயில் புதிதாக இருக்க உரிமை உண்டு. என் கவலை, அதன் பளபளப்பைப் பார்த்துவிட்டு வரும் கிராமத்துக் குழுவினர் எட்டு நூற்றாண்டுக் கருங்கல்லுக்குத் தங்க நிற எனாமல் அடிக்கிறார்களே, அதுதான். கல்லுக்கு மூச்சு உண்டு. உள்வாங்கிய ஈரத்தை அது வெளியே விட வேண்டும். எனாமல் அந்த வழியை அடைக்கிறது. சில மழைக்காலம் கழித்துப் பெயிண்ட் உரியும்போது கல்லின் தோலையும் கூட்டிக்கொண்டு வரும்.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்; மடலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கோயில் கோபுரத்தின் அடி கருங்கல். அதற்கு மேல் உள்ள நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும். பள்ளிவாசலின் கும்மட்டமும் மினாராவும் செங்கல்லும் சுண்ணாம்பும். தேவாலயச் சுவரும் அதுவே, மெட்ராஸ் டெரஸ் கூரையும் அதுவே. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு, நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு செக்கில் போட்டு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவார்கள். அது காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகும். சிமெண்ட் சில மணி நேரத்தில் இறுகிவிடும். ஆனால் பழைய செங்கல்லின் மேல் அது பூட்டுப் போட்டதுபோல் ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைத்துவிடும். வெளியே பூச்சு வழவழவென்றிருக்க, உள்ளே செங்கல் பொடியாகிக்கொண்டிருக்கும். 'போன தடவைதானே பூசினோம், அதற்குள் விரிசலா' என்று நீங்கள் கேட்கும் பல சுவர்களுக்குப் பதில் இதுதான்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது அருகிவிட்டார்கள். ஒரு கோயில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூப்பிட்டால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியுமா? அந்தப் பிள்ளைகள் சென்னைக்கு டைல்ஸ் ஒட்டப் போவதில் என்ன தவறு? ஆனால் ஒரு வட்டத்தில் உள்ள கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் ஜினாலயங்களும் சேர்ந்து முறை போட்டுக்கொண்டால், இந்த ஆண்டு கோபுரச் சுதை, அடுத்த ஆண்டு கும்மட்டம், அதற்கடுத்த ஆண்டு தேவாலயக் கூரை என்று ஒரு குழுவுக்கு ஆண்டு முழுதும் வேலை இருக்கும். ஒரு அரவைச் செக்கு, ஒரு நீற்றுத் தொட்டி, எல்லாருக்கும் பொதுவாக. இளைஞர் இருவர் மூவர் கூட நின்று கற்றுக்கொள்வார்கள். ஒரு சமயம் தனியாக அந்தக் கைவேலையைக் காப்பாற்ற முடியாது. நம் நான்கு சமயத்தாரின் வேலையும் சேர்ந்தால் முடியும்.

இந்த மடலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். எது முந்தியது, எதன் மேல் எது கட்டப்பட்டது என்று கல்லைப் புரட்டி வழக்குத் தேடுகிறவர்களுக்காக நான் எழுதவில்லை. வேலூர்க் கோட்டைக் கோயிலில் நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாதிருந்து, 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்ப வந்தது. அந்தக் காலமெல்லாம் பூசையில்லாத கோயிலைப் பார்த்து ஏங்கியவர்களின் மனம் எனக்குத் தெரியும். அதே கோட்டையில் தொழுகையில்லாத பள்ளிவாசலைப் பார்ப்பவர்களின் மனமும் எனக்குத் தெரியும். வழிபாட்டு உரிமை பற்றிய பேச்சு நடக்க வேண்டிய மன்றங்கள் வேறு இருக்கின்றன. அங்கே என்ன முடிவானாலும், மூன்று கட்டடங்களின் கல்லும் காரையும் நம் பிள்ளைகள் கைக்குப் பழுதில்லாமல் போய்ச் சேர வேண்டும். அளவெடுத்த ஆவணம் வேறு சமயத்தாரிடமும் இருக்கட்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தன் வீட்டுப் பத்திரத்தின் படியை ஒருவரிடம் கொடுத்து வைத்தவர்கள் அவரோடு எளிதில் பகைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு காலத்தில் ஒரே மாவட்டமாக இருந்தது இப்போது நான்காகிவிட்டது. சந்திரகிரிப் பக்கம் வேறு மாநிலமே ஆகிவிட்டது. எந்த ஓர் அலுவலகத்துக்கும் வட ஆர்க்காட்டின் முழுக் கட்டட வரலாறு தன் பொறுப்பாகத் தெரியாது. நீங்கள் கூடினால்தான் உண்டு. ஆகவே, உங்கள் அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொட்டேஷன் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் ஒதுக்குங்கள். தரைப்படம், குறுக்குவெட்டு, ஒவ்வொரு தூணின் நான்கு பக்கப் படம், கண்ணில் படும் எழுத்தெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம். பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் ஆவலோடு வருவார்கள். எழுத்து இருந்தால் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவர்கள் வந்து படியெடுக்கும்வரை அந்தச் சுவரைத் தொடாதீர்கள். பழைய உத்திரம், கதவு, உடைந்த சிற்பம், தளக்கல் எதையும் விற்காதீர்கள்; ஒரு மூலையில் அடுக்கி, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள்.

வரைந்து கொடுக்க ஆள் கிடைக்காத குழுக்கள் என்னைக் கூப்பிடலாம். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிலரும் வரத் தயாராக இருக்கிறார்கள். கூலி வேண்டாம், ஏணி பிடிக்க இரண்டு பேரும், வரைபடத்தின் ஒரு படியைப் பக்கத்துச் சமயத்தாரிடம் கொடுப்பதாக ஒரு தீர்மானமும் போதும். மார்கழி பிறக்கும் முன் வெளிவேலை செய்ய வெயில் தோதாக இருக்கும். ஐப்பசி மழை விட்டதும் தொடங்கலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கட்டட வரைவாளர் ஒருவர்
வேலூர்